காற்றில்லாத நிலத்துக்காக

“தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கோ புள்ள. கைய மட்டும் ஆட்டாத,” என்றான் எலோய்.

ஒதீலியா கடைக் கூடாரத்துக்கான இரும்பு முளையை இரண்டு கையாலும் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்மட்டி அவள் காதுக்கு மேலாக விர்ரென்று இறங்கியது. ஆகஸ்ட் வெயிலில் சந்தை மைதானத்து மண் செங்கல்லாக இறுகிக் கிடந்ததால் ஒவ்வோர் அடிக்கும் அவள் தோள்பட்டை வரை அதிர்ந்தது. அண்ணன் வாழ்நாள் முழுக்க உருக்காலையில் வேலை பார்த்தவன். குறி தப்ப மாட்டான். ஆனாலும் இன்றைக்கு அவன் முளையை அடிக்கவில்லை, வேறு யாரையோ அடித்துக்கொண்டிருந்தான். அந்த யாரோ தன் புருஷன்தான் என்பது அவளுக்குத் தெரியும். எலோயின் இடது புருவத்துக்கு மேல் தையல் போட்ட கறுப்பு நூல் முடிச்சுகள் வேர்வையில் நனைந்து மினுங்கின. அந்தக் காயத்தை உண்டாக்கியவன் அந்தப் புருஷன், ரூடி. அன்றிரவு அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தைத்துக் கூட்டிவந்து அவன் வீட்டில் விட்டுவிட்டு, தன் வீட்டுக்குத் திரும்பி, தைக்க வைத்தவன் பக்கத்தில் படுத்துக்கொண்டவள் ஒதீலியா.

உருக்காலை ஊரான புவெப்லோவில் செவ்வாய்க் குடியேற்றச் சங்கம் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, “ஓ, எலோயும் ரூடியும் நடத்துற கூட்டமா?” என்பார்கள். இருவரும் ஒரே உலை வாயில் நின்றவர்கள். ரூடி பெர்கோ அவளைப் பார்க்க வந்தவனே இல்லை. அவள் அண்ணனோடு கிரகங்களைப் பற்றிப் பேச வந்து, சமையலறையில் உட்கார்ந்து பச்சை மிளகாய்க் குழம்பைத் தட்டில் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே பேசி, பேச்சு முடியாததால் அந்தக் குடும்பத்திலேயே தங்கிப்போனவன். ஆலை ஆட்குறைப்பு செய்தபோது இருவரையும் ஒன்றாக வெளியே அனுப்பியது. அதற்குப் பிறகு தொடங்கியதுதான் சங்கம். கூட்டம் செவ்வாய்க்கிழமைதான் நடக்க வேண்டும் என்பது எலோயின் பிடிவாதம். அவர்கள் வீட்டு ஸ்பானிய மொழியிலும் அந்தக் கிழமைக்கு அந்தக் கிரகத்தின் பேர்தான்.

சர்ச் வாசலில், மீன்பிடி கிளப்பில், பள்ளிக்கூடங்களில் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார்கள். கூப்பிடாத இடங்களுக்கும் போனார்கள். வாஷிங்டனுக்கு மனு அனுப்பினார்கள். எலோய் பேசினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும்.

“நம்ம ஊரு ஆலை நூறு வருஷமா ஆகாசத்துக்குப் புகை விட்டுச்சு. இங்க அது கேடு. அங்க அதுதான் மருந்து. அந்தக் கிரகம் குளிர்ல வெறைச்சுக் கெடக்கு கண்ணுகளா. ஒரு போர்வை போத்தி விட்டா எந்திரிச்சிரும்.”

போர்வை என்று அவன் சொன்னது புகையைத்தான். புகை சேர்ந்தால் பனி உருகும், பனி உருகினால் பாறையில் பாசி பிடிக்கும், பாசிக்குப் பின்னால் புல் வரும். என்றைக்கோ ஒருநாள் ஒருத்தன் முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து மூச்சை இழுப்பான். அந்த இடம் வரும்போது எலோய் தானே ஒருமுறை மூச்சை இழுத்துக் காட்டுவான். எத்தனையோ முறை கேட்டும் ஒதீலியாவுக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். அவளுக்கு வேலை மாவட்டத் தெருநாய்க் காப்பகத்தில். யாரும் எடுத்துக்கொள்ளாத நாய்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் உயிரை முடிக்கும் ஊசி போடுவதும் அவள் வேலையில் ஒரு பகுதி. ஏதோ ஓர் இடத்தில் ஏதோ ஒன்றை உயிரோடு எழுப்புவதைப் பற்றி மட்டுமே பேசுகிற மனிதர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு வேண்டியிருந்தது.

மாறிப்போனவன் ரூடிதான். ஆலைக்குப் பிறகு ஓட்டிவந்த லாரியையும் இடுப்பு வலியால் விட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். ஒருநாள் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, “தீலியா, அங்க அடியில, உப்புத் தண்ணிக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத ஏதாவது உசுரு இருந்துச்சுன்னா?” என்றான். இருந்தால் நல்லதுதானே என்றாள். “நாம சூடேத்துனா அது செத்துரும்ல?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து போனான். அதிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, தொழிற்சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கிரகத்தை மாற்றக் கூடாது என்று சங்கம் அறிவிக்க வேண்டும் என ரூடி தீர்மானம் கொண்டுவந்தான். கை தூக்கச் சொன்னார்கள். தோற்றுப்போனான். எலோய் அதோடு விட்டிருக்கலாம். “புழுவுக்கு வக்கீல் வந்திருக்கான்யா நம்ம ரூடி,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரூடியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கேட்டான்:

“உங்க தாத்தா ஆடு மேய்ச்ச நெலத்துல வேலி போட்டானே, அவன் என்ன சொன்னான் மச்சான்? காலியாக் கெடக்குன்னுதானே சொன்னான்?”

சிரிப்பு நின்றது. அந்தத் தாத்தா வேலியைப் பிடுங்கப் போய், சுடப்பட்டு, சாகும்வரை ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தவர். அந்தக் கதையை ரூடிக்குச் சொன்னவனே எலோய்தான், உலை வாயில் நின்ற நாட்களில், வேறு யாருக்கும் சொல்லாமல்.

“எங்க தாத்தா மனுசன்டா,” என்று எலோய் எழுந்து ரூடியின் சட்டையைப் பிடித்தான். ரூடி இரும்பு நாற்காலியை எடுத்து வீசினான். தையல் அப்படி வந்ததுதான்.

சனிக்கிழமை சந்தையில் சங்கத்தின் கடையில் கூட்டம் நன்றாகவே இருந்தது. வறுத்த மிளகாய் வாசனையும் சாண நாற்றமும் கலந்து வீசின. பக்கத்து அரங்கில் காளைச் சவாரி நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரன் கத்தும்போதெல்லாம் இங்கே பேசுவது கேட்காமல் போனது. சங்கத்தின் செயலாளர் வெர்னா, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வருகிறவர்களுக்கெல்லாம் எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக் கையெழுத்து வாங்கினாள். மேஜை நடுவில் எலோயின் கண்ணாடித் தொட்டி. உள்ளே சிவப்பு மண். காற்றைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுத்துவிட்டு, குளிரவைத்து, செவ்வாயில் இருப்பது போலவே வைத்திருந்தான். அந்த மண்ணில் ஒரு கல்லின் முதுகில் நகத்தளவு பச்சைப் பாசி. எத்தனையோ பாசிகள் செத்த பிறகு சாகாமல் நின்றது அது. தொட்டிக்குக் குழாய் வேலை செய்து கொடுத்தவன் ரூடி.

மூன்று மணிக்கு வாஷிங்டன் காங்கிரஸ் சபை உறுப்பினரின் உதவியாளன் வந்தான். டை கட்டிய சின்ன வயதுக்காரன். இப்படி ஒருவன் இவர்கள் கடைக்கு வருவது இதுவே முதல் தடவை. எலோய் தொப்பியை இழுத்துத் தையலை மறைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். போர்வை வந்தது, பனி உருகியது. பையன் தொட்டியைக் குனிந்து பார்த்து, “நெஜமாவே உயிரோட இருக்கா சார்?” என்றான். எலோயின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை ஒதீலியா பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள். முதல் குழந்தையைக் கையில் வாங்கினவன் முகம் அது.

அந்த நேரத்தில் ரூடி வந்து நின்றான். கையில் அட்டை. ‘அது காலி நிலம் அல்ல’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. காலையில் அவள் கிளம்பும்போது வரவே மாட்டேன் என்று சத்தியம் செய்தவன்.

“தம்பி, இந்தச் சங்கத்த ஆரம்பிச்சவன்ல நானும் ஒருத்தன். இவங்க சொல்றதுக்கு நான் ஒத்துக்கல. அத எழுதிக்கங்க.”

“மச்சான், வீட்டுக்குப் போ,” என்றான் எலோய். குரல் தாழ்ந்தே இருந்தது. “நாளைக்கி நானே வாரேன். என்னை என்ன வேணும்னாலும் கேளு. இன்னைக்கி வேணாம்.”

“இன்னைக்கித்தான் கேக்கணும். இங்க பண்ணுன அட்டூழியம் பத்தாதா நமக்கு? இன்னொரு ஊரையும் போயி...”

“குடிச்சிருக்கியா நீ?”

“ஆமா. குடிச்சாத்தான் உன் மூஞ்சியப் பாத்து இதச் சொல்ல முடியுது.”

ஜனங்கள் கூடிவிட்டார்கள். காளைச் சவாரி பார்க்கப் போனவர்கள்கூட பீர்க் குவளையோடு திரும்பி வந்தார்கள். யாரோ போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். “எந்தக் கிரகத்துக்காகடா சண்ட?” என்று ஒருவன் கேட்க, “செவ்வாயாம்! அடி, விடாத, அடி!” என்று இன்னொருவன் உற்சாகப்படுத்தினான். உதவியாளன் இரண்டடி பின்வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, வெர்னாவிடம் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தான். எலோய் அவன் பின்னாலேயே, “சார், ஒரு நிமிசம் சார்,” என்று ஓடப் பார்த்தான். வழியில் ரூடி நின்றான். எலோய் அவனைத் தோளால் இடித்துத் தள்ளினான். தடுமாறிய ரூடி திரும்பி, இரண்டு கைகளாலும் மேஜையைக் கவிழ்த்தான்.

தொட்டி கல்லில் விழுந்து வெடித்தது. சிவப்பு மண் எல்லார் செருப்பிலும் தெறித்தது. ரூடியே அதை எதிர்பார்க்கவில்லை. அவன் வாய் திறந்தபடி நின்றது. “மச்சான், நான்...” என்று குனிந்து பாசி பிடித்த அந்தக் கல்லைத் தேடினான். குனிந்த முகத்தில் எலோயின் முழங்கால் மோதியது.

அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. மூக்கு உடைந்து ரத்தம் கொட்ட எழுந்த ரூடி, எலோயின் புருவத்தையே குறிவைத்துக் குத்தினான். தையல் பிரிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. எலோய் அவனை வயிற்றோடு சேர்த்துத் தூக்கிக் கண்ணாடிச் சில்லுகள் மேல் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து அடித்தான். ரூடி அவன் காதைக் கடித்தான். அறுபதைத் தாண்டிய இரண்டு கிழவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, ஒருவரையொருவர் கொல்லப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய்கள் கடித்துக்கொள்ளும்போது நடுவில் கையை விடக் கூடாது என்று காப்பகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவள் ஒதீலியா. நடுவில் போய் விழுந்தாள். யாருடைய முழங்கை என்று தெரியவில்லை, வாயில் இடித்தது. உட்கார்ந்த இடத்தில் துப்பினாள். ஒரு பல் மண்ணில் விழுந்தது.

நிமிர்ந்தபோது எலோய் கையில் சம்மட்டி இருந்தது.

முதல் அடி ரூடியின் முழங்காலில் விழுந்தது. பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்து ரூடியின் அலறல், அது ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. “அடி, அடி” என்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. எலோய் ஒரு அடி முன்னால் வைத்துச் சம்மட்டியை மறுபடி தூக்கினான். இந்த முறை அவன் பார்வை ரூடியின் தலையில் இருந்தது. குறி தப்பாதவன்.

“அண்ணா!”

அவன் திரும்பவில்லை. மிச்சமிருந்த முளைகள் போட்ட வாளி அவள் பக்கத்தில் இருந்தது. ஒன்றை உருவினாள், எழுந்தாள், அடித்தாள்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. சம்மட்டி அவன் கையிலிருந்து நழுவி முதுகுப் பக்கம் விழுந்தது. எலோய் மெல்லத் திரும்பி யார் என்று பார்த்தான். தங்கையைக் கண்டதும், அவள் வாயிலிருந்து ஒழுகும் ரத்தத்தைத் துடைக்கப் போவது போலக் கையை நீட்டினான். கை பாதி தூரம் வந்தது. அப்படியே கால்கள் மடங்கி உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தான்.

ஆஸ்பத்திரியில் எலோயின் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டு வீக்கம் வடிய விட்டார்கள். ரூடியின் காலில் தகடு வைத்தார்கள். ஒருவன் மூன்றாவது மாடி, ஒருவன் ஐந்தாவது மாடி. அவள் லிஃப்டில் மேலும் கீழுமாகப் போய்வந்தாள். விசாரிக்க வந்த அரசு வக்கீல் அம்மாள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, “உங்க மேல கேஸ் எதுவும் இல்ல. ஒரு உயிரக் காப்பாத்தத்தான் அடிச்சீங்க. நீங்க செஞ்சது சரி,” என்றாள். சரி என்ற வார்த்தையைக் கொண்டு எதைச் செய்வது என்று ஒதீலியாவுக்குத் தெரியவில்லை.

எலோய் பிழைத்தான். வலது கை தொங்கிப்போயிற்று. பேச்சு போயிற்று. வசவு மட்டும் போகவில்லை. எல்லா வார்த்தைகளும் அழிந்த இடத்தில் “நாசமாப் போ” என்ற ஒன்று மட்டும் முழுசாக மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதைத்தான் சொன்னான். நர்ஸ் போர்வையைச் சரிசெய்தால் நன்றியாகவும் அதையே சொன்னான். ஒதீலியா உள்ளே வந்தால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ரூடி ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தான். ஒரு மாலை அவள் சூப்பைக் கொண்டுபோய் முன்னால் வைத்தபோது கேட்டான்:

“கையில அடிச்சிருக்கலாம்ல?”

“என்ன?”

“அவன் கையில. தோள்ல. முதுகுல. தலையிலதான் அடிக்கணுமா?”

“அவன் உன் தலைக்குத்தான் ஓங்குனான், ரூடி.”

“நான் கேட்டனா உன்ன? என்னைக் காப்பாத்துன்னு நான் கேட்டனா?” கிண்ணத்தைச் சுவரில் அடித்தான். சூடான சூப் அவள் கழுத்தில் தெறித்தது. ஒதீலியா அவன் கன்னத்தில் அறைந்தாள், மறு கன்னத்திலும் அறைந்தாள். ஊன்றுகோலைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். ரூடி தடுக்கவில்லை. “இன்னும் அடி,” என்றான். பிறகு குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக ஒழுக, “அவன் பேசுனா எப்டி இருக்கும் தீலியா... அவன் பேசுனா எப்டி இருக்கும்...” என்று அழுதான். அவள் தரையில் உட்கார்ந்து கிண்ணத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. சிரிக்காதவர்கள் இல்லை. அதே வீடியோவைப் பார்த்துத்தான் சங்கத்துக்கு ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். வெர்னா போன் செய்து, “கீழ்த்தளம் நெறஞ்சு போச்சு, நீ ஒரு தடவ வந்து பாரேன்,” என்றாள். போனாள். பாசிப் பச்சைச் சட்டை போட்டவர்கள் ஒரு பக்கம், செவ்வாயை மாற்றக் கூடாது என்கிற சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம். எலோயையும் ரூடியையும் நேரில் பார்த்தறியாத சின்ன வயதுக்காரர்கள். அவள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் எழுந்து கை தட்டியது. “உங்க அண்ணன் நம்ம தியாகி அக்கா,” என்றான் பச்சைச் சட்டை ஒருவன். “தியாகியா? கொலகாரன்டா அவன்,” என்றது சிவப்பு. நாற்காலிகள் தரையில் உரசின. ஒதீலியா படியேறி வெளியே வந்து, வண்டியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பினாள்.

ரூடியை அடித்த வழக்கில், குளிர்காலத்தில் நீதிபதி எலோயின் நிலைமையைப் பார்த்துச் சிறைக்கு அனுப்பவில்லை. ரூடி இருக்கிற இடத்துக்கு அவன் வரக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டார். எனவே அண்ணனால் தங்கையின் வீட்டுக்கு வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை மறுவாழ்வு இல்லத்திலிருந்து அவனை அவள் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவாள். அவன் ஏறி உட்காருவான், ஆனால் அவளைப் பார்க்க மாட்டான். அவள் வாங்கிக் கொடுக்கும் சாப்பாட்டை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இடது கையால் தின்பான்.

ஜனவரியில் ஒருநாள் ஊருக்கு மேற்கே ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தினாள். கரையெல்லாம் பழுப்புப் புல், பாறை, ஆளரவமே இல்லை. குடாவில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. எலோய் கதவைத் திறந்து இறங்கி, வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். அது தாத்தாவின் நடை; அவள் பார்த்ததில்லை, வீட்டில் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். பின்னாலேயே போனாள்.

“அண்ணா, வழுக்கும். கையக் குடு.”

அவன் நின்றான். குனிந்து ஒரு கல்லை எடுத்தான். திரும்பி முதல் முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தான். கல் அவள் தோளில் பட்டது. பழக்கமில்லாத இடது கை, ஆனாலும் வலித்தது. அடுத்த கல் விலா எலும்பில் விழுந்தது. அவள் நகரவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைகளை வெளியே எடுத்து, மறைக்காமல் தொங்க விட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாவது கல் நெற்றியோரம் கிழித்துக்கொண்டு போனது. சூடாக ஏதோ புருவத்தில் இறங்கிற்று. அவன் இரைத்துக்கொண்டே இன்னொரு கல்லைத் தேடினான், பெரியதாக ஒன்றை. மார்போடு அணைத்துத் தூக்கி, முழு உடம்பையும் சுழற்றி வீசினான். அது அவளைத் தாண்டிப் போயிற்று.

பனியில் விழுந்த கல் மூழ்கவில்லை. துள்ளியது. துள்ளியபோது ஏரி ஒரு சத்தம் போட்டது. பறவை கூவுவது போலவும், நீளமான கம்பியை யாரோ மீட்டியது போலவும், கண்ணாடித் தரை முழுக்க ஓடி எதிர்க்கரை வரை போய்த் திரும்பி வந்தது அந்தச் சத்தம்.

எலோய் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவளும் நெற்றியைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். சத்தம் அடங்கியதும் அவன் குனிந்து, ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி, அவளைத் தாண்டி, பனி மேல் எறிந்தான். ஏரி மறுபடி கூவியது.